மிச்சம் எங்க போச்சு?

பேச வந்த விஷயத்தை விட்டுட்டு எங்கேயோ போறேன்னு நினைச்சுக்காதீங்க... ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைச் சொல்லிட்டு வந்துடறேன். உங்க கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனை. என்ன பரிசோதனை? பெரிய அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி எல்லாம் இல்லீங்க. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல்... நாலாம் வகுப்புக் கணக்கு! ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு நாலாம் வகுப்புக் கணக்கு வருதான்னு பார்க்கணும். அதுக்குன்னு வெளியூர்ல இருந்து ஹபீப்னு ஒரு சார் வந்திருக்கார்.

கடைசிக் கணக்கு இதுதான். அறுநூத்திப் பன்னிரண்டை ஆறால வகுக்கணும்.

சிரிக்கிறீங்க... இதெல்லாம் ஒரு கணக்கான்னு சிரிக்கிறீங்க. சரி, நீங்க போடுங்க பார்ப்போம்! ஐயா... அந்த மூணாவது வரிசை ஐயா, போனை உள்ள வைங்க. மனசுலயே போடுங்க. ... என்னது, பன்னிரண்டா? யாரோ பன்னிரண்டுன்னு சொன்னீங்க. சந்தோஷம்! அந்த வகுப்புலயும் அதையேதான் எழுதினாங்க. ஆறுல ஆறு ஒரு தடவை போகும். அடுத்தது ஒண்ணு... ஒண்ணுல ஆறு போகாது. சரி, பக்கத்துல இருக்கிற ரெண்டை அதோட சேர்த்து இறக்கு. பன்னிரண்டுல ஆறு ரெண்டு தடவை. விடை, பன்னிரண்டு. தாளைக் கொடுத்துட்டு எல்லாரும் கிரவுண்டுக்கு ஓடிட்டாங்க.

ஒரு பொண்ணு மட்டும் உட்கார்ந்திருக்கா. பேரு இசக்கி ரேவதி.

அவளுக்கு அது வெறும் பரீட்சை இல்லீங்க. அவ அப்பா முத்துக்குட்டி காலையிலேயே சொல்லிட்டார். "ஏட்டி, இந்தச் சின்னக் கணக்குகூட உனக்கு வரலைன்னா பள்ளிக்கூடம் போதும். திருப்பூர்ல உங்க அத்தை பனியன் கம்பெனிக்கு ஆள் கேட்டிருக்கா. பையைக் கட்டு." சொன்னதோட விட்டாரா? முடிவு தெரிஞ்சுக்கிறதுக்கு அவரே வந்து வராந்தாவில நிக்கிறார்.

ஹபீப் சார் அவகிட்டப் போனார். "என்னம்மா, போட முடியலையா?"

"போட்டுட்டேன் சார். பன்னிரண்டு வந்திருக்கு."

"அப்புறம் ஏன் உட்கார்ந்திருக்க?"

"இது தப்பு சார்."

... கவனிச்சீங்களா? அவ போட்ட விடை. அவ கையால எழுதின விடை. அவளே சொல்றா, தப்புன்னு!

"தப்புன்னு யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல சார். பன்னிரண்டை ஆறால பெருக்கிப் பார்த்தேன். எழுபத்திரெண்டுதான் வருது. அறுநூத்திப் பன்னிரண்டுல்லா இருந்துச்சு... மிச்சம் எங்க சார் போச்சு?"

ஹபீப் சாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு! எத்தனை ஊரு, எத்தனை பள்ளிக்கூடம் பார்த்தவர். "சார், இது சரியா?"ன்னு கேட்ட பிள்ளைங்க ஏராளம். "மிச்சம் எங்க போச்சு?"ன்னு கேட்ட பிள்ளையை அவர் பார்த்ததே இல்ல. விடை அவர் நாக்கு நுனியில நிக்குது... ஆனா சொல்லக் கூடாது. பரிசோதிக்க வந்தவர் சொல்லித் தரக் கூடாதுங்கிறது விதி.

மணி அடிச்சிருச்சு. வகுப்பு டீச்சர் ஜெபக்கனி வந்தாங்க. "அவ எப்பவுமே மெதுவுதான் சார், நீங்க வாங்கிருங்க." சார் தாளை வாங்கினார். பன்னிரண்டுன்னு இருக்கு. சார் என்ன போட முடியும்? தப்புன்னு போட்டார். தாளையெல்லாம் கட்டி முத்திரையும் வெச்சாச்சு.

வெளியில வந்தா முத்துக்குட்டி. "சார்... பிள்ளை தேறிட்டாளா?"

"கடைசிக் கணக்கு தப்புங்க."

அந்த அப்பாவோட முகம் சுண்டிப் போச்சு. சார் அடுத்த வார்த்தை எடுக்கிறதுக்குள்ள... உள்ள இருந்து ஒரு சத்தம்!

"சார்! கிடைச்சிட்டு சார்!"

தாள் போயிருச்சு. ஆனா அவ கணக்கை விடல. உள்ளங்கையில பேனாவால போட்டுக்கிட்டே இருந்திருக்கா! ஓடி வந்து கையை நீட்டுறா. "ஆறு பேர்னு வெச்சு ஆளுக்கு நூறு கொடுத்தா அறுநூறு போயிரும் சார். பன்னிரண்டு நிக்கும். அதுல ஆளுக்கு ரெண்டு. நூத்தி ரெண்டு! நான் நடுவுல ஒரு பூஜ்யத்தை விட்டுட்டேன் சார்!"

யார் சொல்லிக் கொடுத்தா? ஒருத்தரும் இல்ல! ஜெபக்கனி டீச்சர் அந்தக் கையையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க.

சார் மெதுவா சொன்னார். "சரியான விடைதாம்மா. ஆனா தாளை இனி மாத்த முடியாதே..."

"அது இருக்கட்டும் சார். தெரிஞ்சிட்டுல்லா!"

ஆஹா... என்ன பிள்ளை பாருங்க! மார்க் போச்சேன்னு அழல. மிச்சம் கிடைச்சிருச்சுன்னு சிரிக்கிறா.

முத்துக்குட்டி என்ன செஞ்சார் தெரியுமா? சட்டைப் பையில இருந்து போனை எடுத்தார். திருப்பூர்ல இருக்கிற தங்கச்சிக்குப் போட்டார். "ஏ கனகு... பிள்ளை அங்க வரலம்மா." அந்தப் பக்கம் ஏன்னு கேட்டிருப்பாங்க போல. அதுக்கு அந்த மனுஷன் சொன்னார். "அவ கணக்கு போட்டுக்கிட்டு இருக்கா."

கதை அவ்வளவுதாங்க. இப்ப உங்ககிட்ட வர்றேன்.

அந்தத் தாள்ல இன்னிக்கும் தப்புன்னுதான் இருக்கு. பன்னிரண்டுன்னு எழுதிட்டு ஓடின பிள்ளைக்கும் தப்பு, அதைச் சந்தேகப்பட்டு உட்கார்ந்த பிள்ளைக்கும் அதே தப்பு. பரீட்சைக்கு அவ்வளவுதான் கண்ணு தெரியும். பெத்தவங்களே, உங்களுக்கும் அவ்வளவுதானா? நாளைக்கு உங்க பிள்ளை ஒரு மார்க்கோட வாசல்ல வந்து நிக்கும். முப்பதுன்னு இருக்கும். "உன் புத்தி இவ்வளவுதான்"னு சொல்ல உங்க வாய் துறுதுறுங்கும். ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம் பொறுங்க. வீட்டுல ஓயாம கேள்வி கேட்குதே, அந்தப் பிள்ளை... உடைஞ்ச ஃபேனைப் பிரிச்சுப் போட்டுப் பார்க்குதே, அந்தப் பிள்ளை... அது முழுசும் இந்த முப்பதுக்குள்ள அடங்குதா? அடங்கலைன்னா, பிள்ளையைத் திட்டாதீங்க. அந்த மார்க்கைப் பார்த்துக் கேளுங்க...

மிச்சம் எங்க போச்சு?