வானிலையையும் எழுதுங்கள்

— எழுதுங்க டொக்டர். இரண்டாயிரத்து இருபத்திநாலு, ஒக்டோபர் இருபத்திரெண்டு, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூணு இருபது. நல்ல மழை.

— திகதி போட்டாச்சு, நேரமும் போட்டாச்சு. மழையை ஏன் எழுதோணும், கலாராணி? இது பிரசவ வாட்டு. வானிலை அறிக்கை எழுதிற இடமில்லை.

— போன தடவை எழுதுனீங்களே! என் மொத புள்ள வயித்துக்குள்ளயே செத்துச்சு. 'கடும் மழை காரணமாகத் தாய் தாமதமாக வந்தார்'னு இதே வாட்டுல கடுதாசி குடுத்தீங்க. அன்னைக்கு ஒரு பொட்டு மழை இல்ல. பறிச்ச கொழுந்து கூடையிலயே வாடுற வெயில். தாமதமாவும் வரல. முந்தின நாளே வந்து 'புள்ள அசையல'ன்னு சொன்னேன். 'இன்னும் நாளிருக்கு, போ'ன்னு அனுப்புனீங்க. மூணு வருஷமா அந்தக் கடுதாசிய வச்சிருக்கேன். இந்தாங்க, பாருங்க.

— அதை உள்ளை வையுங்கோ. அதிலை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும்.

— பாக்காமலேயா?

— இப்ப நீங்கள் சொன்னீங்கள்தானே. கையை நீட்டுங்கோ, பிரஷர் பாக்கோணும். ம்... நூற்றைம்பதுக்கு நூறு. காலமை பாத்ததை விடக் கூட.

— கோவப்பட்டா ஏறத்தானே செய்யும், டொக்டர். தோட்டத்துலேர்ந்து வேன்ல ஏத்திக்கிட்டு வந்தேன், வழி நெடுக இதே பாட்டு. அடியேய் கலா, இருபத்திமூணு வருஷமா மிட்வைஃபா இருக்கேன், டொக்டர்மாருக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்த புள்ளத்தாச்சிய இன்னைக்குத்தான் பாக்குறேன்.

— நீங்க பேசாதீங்க, பாக்கியலெட்சுமி மிஸ்ஸி. புள்ளத்தாச்சி கார்டுல நாளப் பிழையா எழுதுனதே நீங்கதான்.

— கேட்டீங்களா டொக்டர்? என்னமோ போ, நல்லதுக்குக் காலமில்ல.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. கலாராணி, நான் சொல்லுறதைக் கவனமாக் கேளுங்கோ. கார்டின்படி உங்களுக்கு இண்டைக்கு முப்பத்திநாலு வாரம். பிரஷர் இருக்கு. போன முறை சத்திரசிகிச்சை செய்து எடுத்த வயிறு. மூண்டு வழி இருக்கு. ஒண்டு, பிரஷர்க் குளிசையைக் கூட்டி, உங்களை வாட்டிலையே வைச்சு, முப்பத்தேழாம் வாரம் மட்டும் பாத்துக்கொண்டு இருக்கிறது. ரெண்டு, இண்டைக்கே சத்திரசிகிச்சை. மூண்டு, மருந்து வைச்சு வலி வரப்பண்ணிறது. அந்த மூண்டாவதை விடுங்கோ, பழைய தையல் தாங்காது. பெரிய டொக்டர் முதலாவதை எழுதியிருக்கிறார்.

— இன்னும் மூணு வாரமா?

— ஓம். இப்ப எடுத்தால் பிள்ளையின்ரை நுரையீரல் முத்தியிராது. மூச்செடுக்கக் கஷ்டப்படும். கண்ணாடிப் பெட்டிக்குள்ளை நாள்கணக்கா வைக்கோணும். உயிர் தப்பாமலும் போகலாம்.

— அது முப்பத்திநாலு வாரப் புள்ளைக்கு. என் புள்ளைக்கு முப்பத்தெட்டு தாண்டிருச்சு. ரெண்டு நாளா அசைவும் கொறைஞ்சிருக்கு. மூணு வாரம் வச்சிருந்தீங்கன்னா மறுபடி எனக்குக் கடுதாசிதான் குடுப்பீங்க. இந்தத் தடவை என்ன எழுதுவீங்க? பனின்னா?

— கடைசி மாதவிலக்கு, எப்ப குளிச்சனீங்கள் எண்டு கேட்டுத்தானே கார்டிலை போட்டிருப்பினம்? பெப்ரவரி இருபத்திநாலு எண்டு கிடக்கு.

— நான் பெப்ரவரின்னு சொல்லவே இல்ல. 'தேர் அன்னைக்குக் காலையில'ன்னு சொன்னேன். மிஸ்ஸி தலைய ஆட்டிக்கிட்டே எழுதுனாங்க. என்ன எழுதுனாங்கன்னு எனக்கு வாசிச்சுக் காட்டல.

— ஆமா, தேர்னுதான் சொன்னா. எங்க தோட்டத்து டிவிஷன் மாரியம்மனுக்கு மாசி மகத்துக்குத்தான் தேர். இந்த வருஷம் மாசி மகம் பெப்ரவரி இருபத்திநாலு. எழுதுனதுல என்ன பிழை? நான் பொறந்து வளந்த லயத்து வீடு அங்கதான், டொக்டர். எனக்குத் தெரியாத தேரா?

— நீங்க கல்யாணம் கட்டிப் பதுளைக்குப் போயிப் பதினாறு வருஷமாச்சு, மிஸ்ஸி. மீரியபெத்தயில மலை சரிஞ்சதுக்கப்புறம் எங்க லயத்தையும் ஆபத்துன்னு சொல்லிக் கீழ இறக்குனாங்களே, ஞாபகம் இருக்கா? சாமிய மட்டும் தூக்கிட்டு வந்தோம். தேரு மேலயே நின்னுச்சு. அடுத்த வருஷ மழைக்கு மண்ணோட போயிருச்சு.

— தேரு போயிருச்சா?

— ஒன்பது வருஷமாச்சு. பக்கத்துத் தோட்டத்துத் தேரத்தான் கேட்டு வாங்கி இழுக்குறோம். மாசி மகத்துக்கு அவங்க சாமி ஊர்வலம் போவணும், நமக்கு எப்படித் தருவாங்க? அதனால தைப்பூசத்துக்கு வாங்கி இழுத்துட்டுத் தொடச்சுக் குடுத்துடுறோம். எங்க தேரு தையில, மிஸ்ஸி. மாசியில இல்ல.

— என்னடி சொல்ற? எனக்கு யாருமே சொல்லலையே.

— நீங்க கேக்கலையே!

— பொறுங்கோ, பொறுங்கோ. இந்த வருசத் தைப்பூசம் எப்ப?

— ஜனவரி இருபத்தஞ்சு, வியாழக்கெழம.

— அப்ப ஒரு மாத வித்தியாசம். ஆனா, கலாராணி, தேர் எப்ப எண்டது ஒரு விசயம். நீங்கள் அண்டைக்குத்தான் குளிச்சனீங்கள் எண்டதுக்கு என்ன சாட்சி? ஒன்பது மாதத்துக்கு முந்தின நாள். ஆருக்கும் ஞாபகம் பிசகும்.

— எனக்குப் பிசகாது. மொத புள்ள போனதுக்கப்புறம் அம்மனுக்குப் பால்குடம் எடுக்குறேன்னு வேண்டியிருந்தேன். நாப்பத்தெட்டு நாள் விரதம். மஞ்சத்துணி கட்டி, குடத்துக்கு வேப்பிலை சுத்தி, காலையில அஞ்சு மணிக்கு வரிசையில நிக்கப் போற நேரம் வீட்டுக்குத் தூரமாயிட்டேன். அந்த நெலமையில கோயில் படி மிதிக்க ஏலுமா? அழுதுக்கிட்டே எங்க நாத்தனா நிரஞ்சலா கையில குடத்தைக் குடுத்தேன். ஒரு பொம்பளைக்கு அந்த நாள் மறக்குமா டொக்டர்?

— மறக்காது. ஆனா பெரிய டொக்டர் என்னட்டை எழுத்திலை கேப்பார்.

— எழுத்துலயும் இருக்கு. போனைப் பாருங்க. பால்குடம் எடுக்குறவங்க பேரு போட்டுக் கோயில் கமிட்டி ஒட்டுன பட்டியல். மேல திகதி. ஏழாவது பேரு கலாராணி. அதை வெட்டிட்டு நிரஞ்சலான்னு எழுதி, செயலாளர் வீரய்யா பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்காரு. அடுத்தது படம். என் குடத்தத் தூக்கிக்கிட்டு நிரஞ்சலா போறா. இதை மூணு மாசமா கிளினிக்ல ஒவ்வொருத்தருக்கும் காட்டப் பாத்தேன். 'போனை உள்ள வை'ன்னாங்க. தோட்டத்துப் பொம்பள சொன்னா பொய்யி, அட்டையில கெடந்தா மெய்யி. அப்படித்தானே?

— நீ அஞ்சாம் மாசம்தானே கார்டு போடவே வந்த? மொதல்லயே வந்திருந்தா ஸ்கேன்லயே நாளு தெரிஞ்சிருக்கும்ல?

— ஒரு புள்ளயப் பறிகுடுத்தவ மிஸ்ஸி நான். வயித்துல தங்கும்னு நம்பவே அஞ்சு மாசமாச்சு எனக்கு.

— ஜனவரி இருபத்தைஞ்சிலையிருந்து எண்ணினால்... முப்பத்தெட்டு வாரமும் ஐஞ்சு நாளும்.

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— ஆனா போன கிழமை ஸ்கேனும் முப்பத்திநாலுக்குக் கிட்டத்தானே காட்டினது...

— மிஷின் பொய் சொல்லுமா டொக்டர்? நீங்களே கேளுங்க இவகிட்ட.

— பொய் சொல்லாது, பாக்கியலெட்சுமி அக்கா. ஆனா மிசினுக்குப் பிள்ளையின்ரை வயசு தெரியாது. தலையையும் தொடை எலும்பையும் அளந்துபோட்டு, இவ்வளவு அளவெண்டால் இத்தனை வாரம் எண்டு சொல்லும். பிரஷராலை பிள்ளை வளராமல் நிண்டிருந்தால், வயசைக் குறைச்சுத்தான் காட்டும். பிழையான திகதியோடை அது பொருந்தினபடியால் நாங்கள் ஒருத்தரும் சந்தேகப்படேல்லை.

— மழையில்லாம குறுகிப்போன இலையப் பாத்து இளங்கொழுந்துன்னு சொல்ற மாதிரி.

— அதேதான். முத்தின பிள்ளை. உள்ளை சாப்பாடு காணாமல் கிடக்குது. இதிலை இருங்கோ. நான் பெரிய டொக்டரோடை போனிலை கதைச்சிட்டு வாறன்.

— ஓடுறாங்க பாரு. வெராந்தா முழுக்கத் தண்ணி, வழுக்கி விழப் போறாங்க.

— ஓடட்டும். மூணு வருஷத்துக்கு முந்தி ஒருத்தராவது இப்படி ஓடியிருந்தா என் மவன் இந்நேரம் குடையப் புடிச்சுக்கிட்டு மழையில ஆடியிருப்பான்.

— கலா...

— என்னா?

— நான் வேணும்னு எழுதலடி.

— எனக்குத் தெரியும் மிஸ்ஸி. அதனாலதான் கூடுதலா ஆத்திரம் வருது. மொழி புரியாத மிஸ்ஸின்னா தேரு எப்பன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்க. நீங்க நம்மாளு. நம்மாளுக்கு எல்லாம் தெரியும்னு நானும் நம்பிட்டேன், நீங்களும் நம்பிட்டீங்க.

— டொக்டர் எழுதட்டும். மிட்வைஃப் பிழைன்னே எழுதட்டும். நான் மறுக்க மாட்டேன்.

— அழாதீங்க. உங்களுக்கும் பிரஷர் ஏறும். அப்புறம் ரெண்டு பேரையும் ஒரே கட்டில்ல போடுவாங்க.

— பொல்லாத வாயிடி உனக்கு.

— இந்த வாய் இல்லாட்டி வயித்துல உள்ளது தங்காது, மிஸ்ஸி. இந்தா, டொக்டரம்மா வந்துட்டாங்க. என்ன சொன்னாரு?

— முதல்லை ஒத்துக்கொள்ளேல்லை. 'கோயில் நோட்டீசைப் பாத்து வயித்தை வெட்டச் சொல்லுறியோ, நிவேதிகா?' எண்டு கேட்டார். பட்டியலையும் படத்தையும் என்ரை போனிலை எடுத்து அனுப்பினன். பிள்ளையின்ரை அளவுகளை ஒவ்வொண்டா வாசிச்சன். ஐஞ்சு மணிக்கு ஒப்பரேசன் தியேட்டருக்கு வாறார்.

— மாரியாத்தா!

— ஆனா ஒரு நிபந்தனை. முடிவை மாத்தச் சொன்னது ஆரெண்டு எழுத்திலை இருக்கோணுமாம். பிள்ளை முப்பத்திநாலு வாரத்துப் பிள்ளையாப் பிறந்து ஏதும் நடந்தால், பொறுப்புச் சொல்ல ஒரு பேர் வேணுமாம்.

— வந்துட்டாங்கல்ல! எழுதுங்க, 'தாயின் வற்புறுத்தலால்'னு எழுதுங்க. நல்லது நடந்தா டொக்டரு கெட்டிக்காரு, கெட்டது நடந்தா கொழுந்து பறிக்கிறவ பிடிவாதக்காரி. அந்தக் கடுதாசியிலயும் அதானே எழுதியிருக்கு, தாய் தாமதமா வந்தான்னு. சத்திரசிகிச்சைக்குச் சம்மதம்னு நான் கையெழுத்துப் போடுறேன். பழி எம்மேலன்னு போட மாட்டேன்.

— நான் உங்களைப் போடச் சொல்லேல்லையே. எழுதிப்போட்டு வாசிக்கிறன், கேளுங்கோ. தமிழிலையே எழுதிறன். 'கலாராணியின் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள் 2024 ஜனவரி 25 என்பது கோயில் பட்டியலாலும் ஒளிப்படத்தாலும் உறுதியாகிறது. அட்டையிலுள்ள பெப்ரவரி 24 பிழையானது. தாய் இதனைப் பலமுறை எடுத்துரைத்தும் எவரும் செவிமடுக்கவில்லை. உயர் குருதியழுத்தம், முன்னைய சத்திரசிகிச்சை, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றால் இன்றே சத்திரசிகிச்சை மூலம் பிரசவம் நிகழ வேண்டுமென முடிவு செய்யப்பட்டது.'

— யாரு முடிவு செஞ்சது?

— அதுக்குத்தான் வாறன். 'இம்முடிவு என்னுடையது. இதற்கான பொறுப்பும் என்னுடையது.'

— டொக்டர், உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துறாதா?

— வரலாம், அக்கா. நீங்கள் சாட்சியாக் கீழை போடுங்கோ. அந்தக் கோட்டிலை.

— போடுறேன். 'பா. பாக்கியலெட்சுமி, மருத்துவிச்சி.' போட்டாச்சு.

— இன்னும் ஒண்ணு விட்டுப்போச்சு, டொக்டர்.

— விடேல்லை. மேலை பாருங்கோ, திகதிக்குப் பக்கத்திலை. 'வானிலை: கடும் மழை. தாய் உரிய நேரத்தில் வந்துள்ளார்.' இப்ப நான் கையெழுத்துப் போடுறன். இந்தாங்கோ, இது உங்கடை பிரதி. மற்றது பைலுக்கு. உங்கடை பழைய கடுதாசியோடை சேத்து வையுங்கோ.

— சேத்தே வைக்கிறேன். அது... டொக்டர்.

— சொல்லுங்கோ.

— இந்தக் கையெழுத்து. கடைசியில இப்படி மேல போயிக் கீழ வளையுது. பழைய கடுதாசியிலயும் அடியில இதே வளைவுதான் இருக்கு.

— ஓம், கலாராணி. அண்டைக்கு வெயில்தான்.