குந்தத் தெரிந்தவள்

ஈப்போவிலிருந்து பீடோர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். அறுபதை ஒட்டிய வயது. இளையவளின் முட்டியில் கட்டு.

"எனக்குக் குந்தத் தெரியும்னு ஜிம்முல சொன்னதுதான் தப்பாப் போச்சுக்கா."

"என்னடி சொன்னே?"

"புதுசா வர்றவங்க மொதல்ல நாற்காலியில உக்காந்து எந்திரிச்சுப் பழகணும்னாரு கோச்சு. நான் ரப்பர் தோட்டத்துல குந்திக் குந்தியே பால்மரம் வெட்டுனவ, எடை தூக்குற கம்பியக் குடுங்கன்னேன். தோள்ல வச்சுக் குந்துனேன், முட்டி பிடிச்சுக்கிச்சுலா."

"அலாமாக்! தோட்டத்த விட்டு எத்தனை வருசமாச்சு. காலு மறந்திருக்காதா?"

"இப்ப வெறும் நாற்காலிதான். குதிகால் தரையில இருக்கணும், முட்டி உள்ள சாயக்கூடாது, வலிச்சா நிறுத்திடணும்."

"அதச் செய்யி. அதுக்கு ஏன் இந்த மூஞ்சி?"

இளையவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரோட்டோரம் முழுக்கச் செம்பனை; ஒரு பால்மரம்கூட இல்லை.

"அங்கன்னா ஒரு மரத்த வெட்டிட்டு எந்திரிச்சா அடுத்த மரத்துக்கு நடப்போம். பக்கத்து நிரையில நீங்க பாடிக்கிட்டே வருவீங்க. இங்க எந்திரிச்சா, திரும்பவும் அதே நாற்காலிக்கா."



"நாளைக்கு நானும் வாரேன்," என்றாள் அக்கா. "பக்கத்துல இன்னொரு நாற்காலி போடச் சொல்லு."