நுரை அடக்கும் எண்ணெய்

"நீ ஊத்தலைய்யா. ஊத்தியிருந்தா நுரை ஏன் ரோட்டுக்கு வருது, நான் கேக்கறேன்—"

"ஊத்தினேன்னு சொல்றேன் இல்ல? அண்ணாமலையார் மேல சத்தியமா, கொழாயத் தொறந்து, கேன் நெறைய—"

"கேன் நெறைய இன்னாத்த ஊத்தின? உன் பக்தியையா?"

"வாய அடக்கிப் பேசு தசரதா. நான் உனக்கு சீனியரு."

"சீனியரு வீட்லதான்யா கிருஷ்ணாயில் புட்டி கெடைச்சுது."

அவர்கள் வாசலிலேயே இருக்கட்டும் சார். நீங்கள் உள்ளே வந்து உட்காருங்கள். காபியில் சர்க்கரை கம்மிதான். வேண்டுமானால் போட்டுத் தருகிறேன். கத்துகிற இருவரில் தொப்பை போட்டவர் என் வீட்டுக்காரர் தசரதன், காகித ஆலையில் உலை மேஸ்திரி. நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பவர் அப்பாதுரை, பக்கத்து குவார்ட்டர்ஸ். கூழ் கழுவுகிற பகுதியில் வேலை. கார்த்திகை தீபத்தன்று நடந்ததற்காக அவரை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். நாளைக்கு வேலையை விட்டே நீக்கிவிடுவீர்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் விசாரணை செய்கிற உங்களை வீட்டுக்கு வரச் சொன்னேன். தப்பு அவர்மேல் இல்லை.

நான் ஆலையில் வேலை செய்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னதுதான். சவுக்கு மரத்தைச் சீவிக் காரத்தில் வேகவைத்தால் கூழ் தனியாக வரும், கறுப்புத் தண்ணீர் தனியாக வரும். அந்தக் கறுப்புத் தண்ணீரைக் கீழே விடக் கூடாது. வெல்லப் பாகு மாதிரி சுண்டக் காய்ச்சி உலையில் எரித்தால், அடியில் உப்பு நெருப்புக் குழம்பாக உருகி வழியும். அதைக் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால் பழைய காரமே திரும்பக் கிடைத்துவிடும். "போனதெல்லாம் திரும்பி வருது பாரு மணியம்மா" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். எங்கள் கல்யாணத்தன்று கலங்கவில்லை.

எதையும் வீணாக்கக் கூடாது என்பதை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

கூழைக் கழுவும்போது கறுப்புத் தண்ணீர் சோப்பு மாதிரி நுரைக்கும். அந்த நுரையை அடக்க மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். கீழ்பென்னாத்தூர் ரேஷன் கடையில் ஒரு புட்டி மண்ணெண்ணெய்க்காகப் பொம்பளைகள் குடுமிப்பிடிச் சண்டை போடுகிறார்கள். இங்கே ஆலைக்குப் பின்னால் ஒரு பீப்பாய் நிறைய, நுரைக்கு. நுரைக்குப் பிள்ளைகுட்டி உண்டா, அது காலையில் எழுந்து காபி கேட்கிறதா என்று யோசித்தேன். யோசித்தது தப்பா?

மதியம் என் வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோவேன். பீப்பாய்ச் சாவி அப்பாதுரையிடம் இருக்கும். அங்கிருந்து அண்ணாமலையார் மலை நன்றாகத் தெரியும். சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் சாவியைப் பீப்பாய் மேலேயே வைத்துவிட்டு, மலையைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். நான் மேல்மூடியைத் திறந்து, கேரியரில் ஒரு அடுக்கை நிரப்பி, மறுபடி பூட்டி, சாவியை இருந்த இடத்தில் வைக்கிற வரைக்கும் கண் திறக்கமாட்டார். அப்படிப்பட்ட பக்தி.

எடுத்த அளவுக்குச் சொம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றிவிடுவேன். குறையாக வைத்துவிட்டு வர எனக்கு மனசு வராது. தண்ணீர் அடிக்குப் போகும், எண்ணெய் மேலே நிற்கும் என்று தெரியும். தினமும் விளக்கு ஏற்றுகிறவள். அவர்கள் எண்ணெய் பிடிக்கிற குழாய் பீப்பாயின் அடியில் இருக்கிறது என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

வாசனை காட்டிக்கொடுக்காதா என்று கேட்பீர்கள். அந்த ஆலை அழுகின முட்டைக்கோஸ் மாதிரி நாறுகிறது சார். அங்கே வேலை செய்கிறவர்களுடைய மூக்கு எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டது. ஒரே ஒரு நாள்தான் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இன்னா மணியம்மா, ரசம் ஒரு மாதிரி கீது?"

"பெருங்காயம் ஜாஸ்தியாப் போச்சு."

இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

தீபத்தன்று அப்பாதுரை குழாயைத் திறந்து கேன் கேனாக ஊற்றியது நிஜம். வந்தது தண்ணீர், அவ்வளவுதான். நுரை கதவைத் தாண்டி வந்தது. பழுப்பாக, இடுப்பு உயரத்துக்கு, அவசரமே இல்லாமல் வாசலைக் கடந்து ரோட்டில் இறங்கியது. மலைக்குப் போகிற கூட்டத்தோடு வந்த பஸ் நின்றுவிட்டது. ஜோதியம்மாள் பாட்டி இறங்கிக் கற்பூரம் ஏற்றி, "மேல ஏற வேண்டியவரு இங்கயே எறங்கிட்டாரே" என்று விழுந்து கும்பிட்டாள். மானேஜர் கார் எங்கே நிற்கிறது என்பது ஹாரன் சத்தத்தில்தான் தெரிந்தது.

வாட்ச்மேன் சடையன் அந்த நுரைக்குள் இறங்கி, அதை விலக்கிப் பஸ்ஸுக்கு வழி செய்தான். காரம் அல்லவா, முழங்கால் வரை தோல் உரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன், சாத்துக்குடி வாங்கிக்கொண்டுதான் போனேன். புதுத் தோல் நன்றாக வருகிறது. முன்பைவிட நிறமாகவே இருக்கிறான்.

கறுப்புத் தண்ணீரெல்லாம் ரோட்டோடு போனதால் உலையில் எரிக்க ஒன்றும் இல்லை. உலை அணைந்தது. என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, "திரும்பி வராது மணியம்மா, இனிமே அது திரும்பி வராது" என்று விக்கி விக்கி அழுதார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவர் அழுது முடிப்பதற்குள் ஸ்டவ் மேல் வைத்திருந்த சுடுதண்ணீரில் பாதி கொதித்தே வற்றிப்போனது.

மறுநாள் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சோதனை. என் வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பாதுரை சம்சாரம் சரோஜா வீட்டில் ஒரு புட்டி கிடைத்தது. அது நான் கொடுத்தது. ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறாள், அடுப்பெரிக்க வழியில்லை என்று முந்தின நாள் வந்து நின்றாள். என்னிடம் மிச்சம் இருந்ததே அந்த ஒரு புட்டிதான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அக்கா, நீதானேக்கா குடுத்த. சொல்லேன்க்கா" என்றாள் எல்லோர் முன்னாலும்.

"எங்க வீட்லயே வெளக்குக்கு இல்லையே சரோஜா" என்றேன்.

அது பொய் இல்லை சார். அப்போது நிஜமாகவே இல்லை. அவளிடம் கொடுத்துவிட்டேனே.

இதையெல்லாம் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று பார்க்கிறீர்கள். அன்றைக்கு யாரும் என்னிடம் மரியாதையாக உட்கார்ந்து கேட்கவில்லை. பிறகு புதுப் பீப்பாய் வந்தது. சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் ஒன்றைச் செய்தால் ஒழுங்காகச் செய்கிறவர். குச்சி விட்டு அளந்து பார்க்கிறார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு தூங்குகிறார். மதியச் சாப்பாட்டைக்கூடப் பீப்பாய் மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். மலைப் பக்கம் திரும்புவதே இல்லை. அவ்வளவு பெரிய மலை.

நான் இப்போது ஈரச் சவுக்கு விறகில்தான் சமைக்கிறேன். ஊதி ஊதி நெஞ்சு வலிக்கிறது. கண்ணெல்லாம் எரிச்சல். அந்தப் புகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் சரோஜாவின் பிள்ளைகள் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்பா வேலை போய்விட்டால் அவை எங்கே போகும்? நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மண்ணெண்ணெயை எடுத்தது நான். தண்ணீர் ஊற்றியது நான். சரோஜா கேட்டபோது வாயை மூடிக்கொண்டதும் நான். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன். எனக்குப் பதிலாக இன்னொருத்தர் தண்டனை அனுபவிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எழுந்துவிட்டீர்களே. காபியைக் குடிக்கவே இல்லை. புகை வாசனை அடிக்கிறதோ? போவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்.

"அப்பாதுரை அண்ணன அதே எடத்துல போட்டுடுங்க சார். பீப்பாய்ச் சாவியும் பழையபடி அவர்கிட்டயே இருக்கட்டும், சாமி கும்புடற மனுஷன்."