ஈ மொய்க்காத கருவாடு

கருவாடு வாங்க வருகிறவர்கள் மீனைப் பார்ப்பதில்லை, ஈயைத்தான் பார்க்கிறார்கள். எதில் குறைவாக மொய்க்கிறதோ அது நல்ல கருவாடு. ஆர்.எஸ்.மங்கலம் சந்தைக்கு வருகிற ஜனங்களின் அறிவு அவ்வளவுதான். நீங்களும் அப்படித்தான் வாங்கியிருப்பீர்கள், இன்ஸ்பெக்டர்.

என் பெயர் சேதுலட்சுமி. மதுரையில் ரசாயனம் படித்து பி.எஸ்ஸி. வாங்கியவள். எங்கள் குடும்பத்தில் முதலில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். என் அய்யா கூத்தையா அந்தச் சந்தையில் கருவாடு விற்றார். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கடைகள். எல்லாவற்றிலும் அதே நெத்திலி, அதே சாளை, அதே நாற்றம். எங்களுடையது கடைசிக் கடை. அதுவரை வருவதற்குள் ஜனங்களின் பை நிரம்பிவிடும்.

வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அப்பனுக்கு என்ன தொழில் என்று கேட்டார்கள். சொன்னதும் மூக்கைச் சுளித்தார்கள். திரும்பி வந்து தராசைப் பிடித்தேன். "படிச்சுப்புட்டு கருவாட்டுக்குத்தான் வந்துச்சு கழுத" என்று சந்தை சிரித்தது. கடையை எடுத்துவிடலாம் என்றார் அய்யா. அந்தச் சிரிப்போடு எடுக்க எனக்கு மனமில்லை. கடைசிக் கடையைத் தேடி அவர்களை நடக்கவைக்க வேண்டும்.

மலேரியா ஒழிப்புக்காரர்கள் வீட்டுச் சுவரில் அடிக்கும் மருந்தைக் கொஞ்சம் வாங்கிக் கருவாட்டில் தூவினேன். அந்தக் கோடை முழுக்க ஓர் ஈ உட்காரவில்லை. வெள்ளைவேட்டிக்காரர்கள்கூட எங்கள் கடைவரை நடந்து வந்தார்கள். "எம் மக படிப்பக் கண்டா ஈயே பயப்படுதுல்ல" என்று அய்யா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரை விட்டுவிடுங்கள்.

பக்கத்துக் கடை நூர் நிஷா புதுமடத்துக்காரி. ஓலை விசிறியால் ஈ ஓட்டியே காலம் தள்ளியவள். அவள் கூடை அப்படியே கிடக்க ஆரம்பித்தது. ஒருநாள் என்னைப் பார்த்து, "ஈயே தொடாதத மனுசன் திங்கணுமா, புள்ள?" என்றாள். பொறாமை, வேறென்ன.

அடுத்த வருடம் ஈக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டன. மறுபடி வந்து உட்கார்ந்தன. பெயரெடுத்த கடை பின்வாங்க முடியுமா? நெல்வயலுக்கு அடிக்கிற புது மருந்து வந்திருந்தது. அதற்கு மாறினேன்.

பஞ்சம்மாள் என்று ஒரு நடவுக்காரி. சந்தைக்குச் சந்தை எங்களிடம்தான் வாங்குவாள். கருவாட்டை முகர்ந்துவிட்டு, "என்னமோ வாடை வருதே, ஆத்தா" என்றாள்.

"அது சுத்தத்தோட வாடை. ஒனக்குப் பழக்கமில்ல" என்றேன்.

வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு கை கூடுதலாகவே வாங்கிப் போனாள். கஞ்சிக்கு அதைத் தொட்டுக்கொண்டு அவளும் அவள் பிள்ளைகள் மூன்று பேரும் செத்தார்கள். எந்தக் கடைக் கருவாடு என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் மிஞ்சவில்லை.

மறு சந்தையில் ஜனங்களே தீர்ப்புச் சொன்னார்கள். எந்தக் கூடையில் ஈ அதிகம் என்று பார்த்தார்கள். நூர் நிஷாவின் கருவாட்டைத் தெருவில் கொட்டி மிதித்தார்கள். அவளையும் அடித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தராசில் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தேன். ஊரின் முட்டாள்தனத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? அன்று வெயில் சாய்வதற்குள் எங்கள் சரக்கு முழுவதும் விற்றுவிட்டது.

பிறகு நீங்கள் வந்து ஒரு கடை விடாமல் சோதித்து, எங்கள் சரக்கு அறையில் மருந்து டின்னைக் கண்டெடுத்தீர்கள். ஆமாம், கலந்தது நான்தான். ஆனால் மனிதர்களைக் கொல்லும் என்று தெரிந்து கலக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் கொன்றது ஈயை.

எங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்கிறீர்கள். நாங்களும் கருவாடுதான். முதல் மருந்து தூவிய நாளிலிருந்து, அய்யாவுக்குத் தெரியாமல் ஆள் விட்டு, நூர் நிஷாவிடம் வாங்கினேன்.