பாதி தள்ளிய விமானம்

– பனி விலகினாதான் டவர்ல விடுவாங்க, கேப்டனம்மா. அதுவரைக்கும் நீங்க மேல காக்பிட்ல, நான் கீழ முன்சக்கரத்துக்கிட்ட. நடுவுல பேசறதுக்கு இந்த ஹெட்செட் ஒயரு.

– கீழ ரொம்பக் குளிருதா?

– குளிருக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு. நீங்க பேசிட்டே இருங்க, போதும்.

– அட, நல்ல ஆளு நீங்க. மத்த கிரவுண்டு ஆளுங்க 'ரெடி, தேங்க்யூ'ன்னு ரெண்டு வார்த்தையோட ஒயரப் புடுங்கிட்டுப் போயிடுவாங்க. நீங்கதான் கடைசி வரைக்கும் பேசறீங்க.

– அவங்களுக்குக் கேண்டீன்ல பேச ஆளு இருக்கு.

– உங்களுக்கு?

– நீங்கதான். அதாவது, மேல யாரு உக்காந்திருக்காங்களோ அவங்க.

– ஏன், இத்தனை பேர் இருக்கீங்களே கீழ?

– என்கிட்ட யாரும் பேசக்கூடாதுன்னு சங்கத்துல முடிவு. ஆறு வருஷமாச்சு. டீ மெஷின் மட்டும் 'தயவுசெய்து காத்திருக்கவும்'னு சொல்லும்.

– சிரிக்க வைக்காதீங்க. அப்படி என்னதான் பண்ணீங்க?

– நம்ம ஆபீஸ் வாசல்ல பெரிய படம் ஒண்ணு மாட்டியிருக்கே, பாத்திருக்கீங்களா?

– ஹெட்செட் மாட்டின ஒருத்தர், கீழ 'கடமை தவறாதவர்'னு... அட! நீங்களா அது?

– நானேதான். கம்பெனி மாட்டினது. தினமும் அதுக்கடியிலதான் நுழையறேன். தலைய நிமிர்த்தறதில்ல.

– சொல்லுங்க. டவர்ல இப்போதைக்குக் கூப்பிட மாட்டாங்க.

– அன்னைக்குக் கம்பெனியோட சங்கத்துக்குப் பேச்சுவார்த்தை. முறிஞ்சா சைரன் ஊதும், ஊதின நிமிஷம் செய்யற வேலைய அப்படியே விட்டுட்டு நடக்கணும்னு சங்கத்து முடிவு. அந்த நேரம் பாத்து நாங்க ஒரு விமானத்த வெளிய தள்ளிட்டிருந்தோம். அதாவது, டிரைவர் டிராக்டர்ல தள்றாரு, நான் ஒயரோட கூடவே நடக்கறேன். காதுல ஹெட்செட், தலைக்கு மேல இன்ஜின். சைரன் எனக்குக் கேக்கவே இல்ல. திரும்பிப் பாத்தா டிராக்டர் நிக்குது, டிரைவர் எறங்கிப் போயிட்டிருக்காரு.

– விமானம்?

– பாதி வழியில. மத்த விமானம் போற தடத்துக்குக் குறுக்க வாலை நீட்டிட்டு நிக்குது, உள்ள அத்தனை சனம். எனக்கு அந்த நேரத்துல சங்கம் ஞாபகம் வரல. வால்தான் ஞாபகம் வந்துச்சு. நானே டிராக்டர்ல ஏறித் தள்ளி முடிச்சேன். முன்சக்கரத்துல செருகியிருந்த பின்ன எடுத்து, கேப்டனுக்குத் தூக்கிக் காட்டினேன்.

– சிவப்பு ரிப்பன் தொங்குமே, அந்தப் பின். அதப் பாத்தாதான் நாங்க கிளம்புவோம்.

– அதேதான். அதைத் தூக்கிக் காட்டறப்ப யாரோ போட்டோ புடிச்சுட்டாங்க.

– சரியாத்தானே செஞ்சிருக்கீங்க?

– அப்படிச் சொல்லாதீங்கம்மா. அன்னைக்குக் கிளம்பினது அந்த ஒரே விமானம். 'வேலை வழக்கம்போல நடக்குது'ன்னு என் போட்டோவப் பேப்பர்ல போட்டாங்க. போராட்டம் படுத்துடுச்சு. பெட்டி ஏத்தற பசங்க அறுபது பேர் வேலை போய் வீட்டுக்குப் போனாங்க. நான் போட்டிருக்கிற இந்த மழைக்கோட்டே சங்கம் சண்டை போட்டு வாங்கிக் குடுத்தது. அவங்களுக்குக் கோபம் வராதா?

– அன்னைக்கு எங்க பைலட் சங்கம் வேலைக்கு வந்துச்சு. எங்க சம்பளத்த முன்னாடியே பேசி முடிச்சுட்டாங்க. எங்ககிட்ட யாரும் பேசாம இருக்கலையே.

– நீங்க உயரத்துல இருக்கீங்க. கோபம் அவ்வளவு தூரம் ஏறாது.

– இருங்க. இருமினது நீங்களா?

– இல்லையே.

– லைன்ல யாரோ இருமின மாதிரி கேட்டுச்சு.

– பழைய ஒயரு, கரகரங்கும்.

– டிராக்டர் டிரைவருக்கும் இதே லைன்ல ஒரு ஹெட்செட் உண்டுல்ல?

– குடுத்திருக்காங்க. இவர் போட மாட்டாரு. என் குரலக் கேக்கவே வேணாம்னு அப்பவே சொல்லிட்டாரு. இதோ, கோட்டுத் தொப்பிய இழுத்து மூடிட்டு உக்காந்திருக்காரு. நான் கையக் காட்டுவேன், தள்ளுவாரு. கையக் காட்டுவேன், நிறுத்துவாரு.

– நல்ல பிடிவாதம்.

– அன்னைக்கு எறங்கிப் போன டிரைவரே இவர்தாம்மா. என் மச்சான். என் சம்சாரத்தோட அண்ணன்.

– அட... உங்க மனைவி ஒண்ணும் சொல்லலையா?

– அவ ரெண்டு வீட்டுக்கும் நடுவுல கெடந்து அல்லாடினா. போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டா. மச்சான் வந்தாரு, பாடை தூக்கத் தோள் குடுத்தாரு. நான் முன்னாடி, அவர் எனக்குப் பின்னாடி. வழி முழுக்க ஒரு வார்த்தை இல்ல. ஓரிடத்துல பள்ளம் வந்துச்சு. நான் கையக் காட்டினேன். நின்னாரு.

– அங்கயும் கையக் காட்டித்தானா?

– அங்கயும்தான், கேப்டனம்மா.

– வீட்ல இப்ப யாரு?

– யாரும் இல்ல. டிவியில செய்தி வாசிக்கறவங்க வணக்கம் சொன்னா, நானும் வணக்கம் சொல்லுவேன்.

– நான் ஓட்டல் லிஃப்ட்ல ரெக்கார்டுல பேசற பொண்ணுக்குப் பதில் சொல்றேன். 'கதவு மூடுகிறது'ன்னா 'சரிம்மா'ங்கிறேன்.

– நீங்களுமா! ஆனா ஒண்ணு. பின்ன எடுத்துக் காட்டினதும் மேலருந்து நீங்க கையசைக்கறீங்க பாருங்க. ஒரு நாளைக்கு எனக்குன்னு யாராவது செய்யறது அது ஒண்ணுதான்.

– இன்னைக்கும் பேச்சுவார்த்தைன்னாங்களே?

– நடக்குது. டிராக்டருக்குப் பதிலா ரிமோட் மெஷின் வருதாம், பாதிப் பேர் வேண்டாமாம். முறிஞ்சா சைரன்தான். இந்தத் தடவை ஒயரக் கழட்டிட்டு நடந்துடுவேன். அவங்களோட போய் நிப்பேன். யாராவது 'வாடா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

– விமானம் பாதி வழியில நின்னாலும்?

– நின்னாலும்தான்.

– சரி. டவர்ல கூப்பிடறாங்க... கிளம்பச் சொல்லிட்டாங்க. பிரேக் எடுத்தாச்சு.

– கையக் காட்டிட்டேன். நகருது. இன்ஜினப் போடலாம்.

– போடறேன்... ஐயா, பெட்டி வண்டியெல்லாம் ஏன் அப்படியே நிக்குது? ஆளுங்க எறங்கி நடக்கறாங்களே.

– சைரன். இன்னைக்கும் எனக்குக் கேக்கல பாருங்க. டிராக்டரும் நின்னுடுச்சு. பிரேக் போடுங்கம்மா.

– போட்டாச்சு. வால் எங்க இருக்கு?

– அதே இடம். தடத்துக்குக் குறுக்க.

– இருங்கன்னு நான் சொல்ல மாட்டேன். போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்.

– தெரியும். ஆனா மச்சான் இன்னும் எறங்கலையே... ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு உக்காந்திருக்காரு.

– ஏனாம்?

– நான் மொதல்ல போறேனான்னு பாக்கறாரு போல. அங்க எல்லாரும் வரிசையா நின்னு இந்தப் பக்கமே பாக்கறாங்க. வரேன், கேப்டனம்மா. இன்னைக்குப் பின்னக் காட்ட முடியாது, மன்னிச்சுக்குங்க. ஒயரக் கழட்டப் போறேன்.

– கழட்டாத, மாப்ள.

– யாரு... யாரது?

– ஆறு வருஷமா ஹெட்செட்டத் தொப்பிக்குள்ள வச்சுக் கேட்டுட்டுதான் இருக்கேன். கையக் காட்டு, தள்ளி முடிப்போம். நாளையிலருந்து கேண்டீன்ல பேச நாம ரெண்டு பேர் இருக்கோம்.