ஏழாவது பந்தி

ஐஸில் மீன் பிடிக்கப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல சப்பாத்து. தூண்டில், ஐஸில் துளை போடும் துறப்பணம், கூடாரம் எல்லாம் பிறகு. கால் விறைத்தால் கொஞ்ச நேரத்தில் மூளையும் விறைத்துவிடும். விறைத்த மூளையோடு ஐஸுக்கு மேல் நிற்பவர்களை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்து வருகிறேன். சிலருக்குக் கால் சூடாக இருக்கும்போதே மூளை அப்படித்தான் இருக்கிறது.

இந்த வாக்குமூலத்தைத் தமிழில், என் கைப்பட எழுதித் தருகிறேன் என்று நானே கேட்டேன். நேற்று மூன்று மணி நேரம் நான் சொன்னதைப் பொலிஸ் சார்ஜன்ட் அரைப் பக்கமாகச் சுருக்கிக் கையெழுத்துக்கு நீட்டினார். மொழிபெயர்க்க வந்திருந்த நிரோஜா என்ற பிள்ளை, "அங்கிள், முக்கியமானது எல்லாம் இதுக்குள்ள வந்திட்டுது" என்றது. எது முக்கியமென்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்களோ தெரியாது. இதையாவது சுருக்காமல் மொழிபெயர்க்க வேண்டும்.

என் பெயர் குணரத்தினம். வயது அறுபத்திரண்டு. மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதிகளை ஏற்றி இறக்கும் வேலை. இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குளத்து நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து பதிந்தவன். அரை அங்குலம் பிழைத்தாலும் திரும்பப் போய் அளப்பேன். அது இங்கே ஒருவருக்கும் விளங்காத பழக்கம்.

பெப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை, மலைக்குள் இருக்கும் அந்த நீர்த்தேக்கத்தில் வசீகரனின் வான் ஐஸை உடைத்துக்கொண்டு இறங்கியதும், அவனுடைய மனைவி சிவமலர் வானுக்குள்ளேயே இறந்துபோனதும் உங்களுக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன் என்பதும் தெரியும். அந்த இடத்தில் ஐஸ் உடையுமென்று முதல்நாளே நான் எழுதியிருந்தேன் என்பதைத்தான் சார்ஜன்ட் தன்னுடைய அரைப் பக்கத்தில் விட்டுவிட்டார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மத்தியானமும் எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஐஸ் நிலவரம் எழுதுவேன். குழுவில் என்னைத் தவிர முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வேலை இல்லாத வியாழக்கிழமைகளில் ஒன்றரை மணி நேரம் காரோடிப் போய், நாலைந்து இடத்தில் துளை போட்டு அளந்து வந்து எழுதுவது அது. ஏழு பந்தி இருக்கும். முதலாவதில் ஐஸின் தடிப்பு. இரண்டாவதில் அது கண்ணாடி போன்ற ஐஸா, மழையும் ஸ்நோவும் கலந்து உறைந்த வெள்ளை ஐஸா என்பது, ஏனென்றால் வெள்ளை ஐஸுக்குப் பாதிப் பலம்தான். நாலாவதில் வாகனம் இறக்குவோருக்கு: பெல்ட்டைக் கழற்றி வையுங்கள், குளிர் எப்படியிருந்தாலும் கண்ணாடியை இறக்கி விடுங்கள். ஏழாவதில் அந்தக் கிழமை எந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது என்பது. ஒரு சதம் வாங்கியதில்லை.

அவர்கள் வாசிப்பதில்லை. எனக்கு அது தெரியும். இரண்டாம் வரிக்குப் போக அவர்களுக்குப் பஞ்சி. எழுதி அனுப்பிய நிமிடமே, "அண்ணை, இந்தக் கிழமை போகலாமோ?" என்று கேட்பார்கள். அனுப்பியது முழுக்க அதற்கான பதில்தான். ஒருவன் இரண்டாம் பந்தியைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பேன். கேட்டது என்ன தெரியுமா? பேர்ச் மீனைக் குழம்பு வைக்கலாமா, பொரிக்கத்தான் வேண்டுமா.

வசீகரன் என்னைவிட இருபது வயது இளையவன். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் மேற்பார்வையாளர். எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கச் செயலாளர். அவனுக்கு ஐஸைப் பற்றித் தெரிந்தது அது குளிர்ச்சியாக இருக்கும் என்பது மட்டும். மூன்று வருடத்துக்கு முதல் அவன் ஒரு வேலை தொடங்கினான். என் அறிக்கையின் முதல் வரியை மட்டும் கத்தரித்து, பின்னால் ஏரிப் படம், முன்னால் கோட்டும் டையும் போட்ட தன் படம், நடுவில் பெரிய எழுத்தில் எத்தனை அங்குலம் என்ற கணக்கு, நாலு ஆச்சரியக்குறி என்று ஓர் அட்டை செய்து போடுவான். சனங்கள் அந்த அட்டையைத்தான் பார்த்தார்கள். அதைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். கீழே என் பெயர் இருக்கும். கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மார்கழியில் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. "ஐஸ் நிலவரத்தை எமது மக்களுக்குக் கொண்டுசேர்த்த சேவைக்காக" வசீகரனுக்குப் பொன்னாடை என்று அறிவித்தார்கள். அதைப் போர்த்திவிட என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். ஒருவனைக் கௌரவிக்க இன்னொருவனைத் தேடிப் பிடித்துக் குனிய வைப்பார்கள். நான் போனேன், போர்த்தினேன், படத்துக்கு நின்றேன். அவன் மைக்கைப் பிடித்து, "குணமண்ணையின்ர அறிக்கையை நாங்கள் வாசிச்சு முடிக்க ஐஸ் உருகிப்போயிடும். அதுதான் நான் சுருக்கிறனான்" என்றான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். படத்தில் பாருங்கள், நன்றாகத்தான் சிரித்திருக்கிறேன்.

கோபத்தில் ஆட்களை எச்சரிக்காமல் விட்டேன் என்று சார்ஜன்ட் எழுதியிருக்கிறார். அது பிழை. கோபம் சரிசமமான ஆளில் வருவது. எனக்கு வந்தது அருவருப்பு. சோற்றில் மயிர் கிடந்தால் அதோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை, எடுத்து அப்பால் போடுகிறோம்.

பெப்ரவரியில் சங்கம் அந்த நீர்த்தேக்கத்தில் ஒரு மீன்பிடி நாள் வைத்தது. ஏரி வேறு, நீர்த்தேக்கம் வேறு என்பதை நான் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன். ஏரியில் ஐஸ் தண்ணீருக்கு மேல் மிதக்கும். நீர்த்தேக்கத்தில் கடுங்குளிர் காலத்தில் மின்சாரத்துக்காக அணையைத் திறப்பார்கள். கீழே தண்ணீர் இறங்கும். நடுவில் ஐஸும் சேர்ந்து இறங்கிவிடும், ஆனால் நிலத்துக்குள் நீண்டுபோகிற ஒடுங்கிய கைகளிலும் கரையோரத்திலும் அது அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். மேலே ஸ்நோ மூடியிருப்பதால் பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது.

வியாழக்கிழமை போய் அளந்தேன். நடுவில் பதினான்கு அங்குலம், பெரும்பகுதி கண்ணாடி ஐஸ், அருமையான ஐஸ். பிறகு மேற்குக் கைக்குப் போனேன். வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருப்பது அந்தக் கைதான், வசீகரன் அதைத்தான் தெரிவு செய்வான் என்று தெரியும். நூறடி கூடுதலாக நடக்கவேண்டி வந்தால் எங்கள் ஆட்கள் மீன்பிடியையே விட்டுவிடுவார்கள். அங்கே ஐந்து அங்குலத்தில் துறப்பணம் சடக்கென்று உள்ளே போனது. நல்ல ஐஸென்றால் துளையில் தண்ணீர் பொங்கி மேலே வரும். வரவில்லை. அளவுகோலை உள்ளே விட்டேன். இரண்டடி வெறும் காற்று, அதற்குக் கீழே ஆறு ஓடுகிற சத்தம்.

இப்படியான இடத்தில் வழக்கமாக ஊசியிலை மரக் கிளைகளை வரிசையாகக் குத்தி, சிவப்புத் துணி கட்டிவிட்டு வருவேன். அன்றைக்கும் கிளைகள் காரில் கிடந்தன. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அது என் கடமை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, நீங்களும் தேடிப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை அறிக்கை எழுதினேன். முந்தைய வருடங்களில் இப்படி ஒரு ஆபத்து இருந்தால் அதை முதல் வரியில் வைப்பேன். இந்த முறை முதல் வரியில் "நடுவில் பதினான்கு அங்குலம்" என்று வைத்தேன். மேற்குக் கையின் சங்கதியை ஏழாவது பந்தியில், அதற்குரிய இடத்தில் எழுதினேன். ஐந்து அங்குலம், கீழே இரண்டடி காற்று, ஆள்கூட நடக்கக் கூடாது. ஒரு சொல் பிசகில்லை. எதை முதலில் எழுதுவது, எதைக் கடைசியில் எழுதுவது என்பது எழுதுகிறவனின் விருப்பம்.

ஒரு மணி பத்துக்கு வசீகரனின் அட்டை வந்தது. பதினான்கு என்ற எண், அவனுடைய பல், "மேற்குக் கரை, வாகனம் இறக்கலாம்" என்று சிவப்பெழுத்து. ஒரு மணி நேரத்துக்குள் எண்பத்தாறு பேர் பெருவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அதில் நாலு பேர் பொறியியலாளர், ஒருவர் பல்வைத்தியர். ஒரு மனிதன் என் அறிக்கையைக் கடைசிப் பந்தி வரை இறக்கிப் பார்க்கவில்லை. படித்த சனம் என்று எங்களைப் பற்றி நாங்களே சொல்லிக்கொள்கிறோம்.

சனிக்கிழமை நான் விடிய வெள்ளனப் போய், கிழக்குக் கரையால் நடந்து இறங்கி, நல்ல ஐஸில் துளை போட்டு இருந்தேன். பத்து மணிக்கு வசீகரனின் வான் மேற்குக் கரையால் இறங்கியது. பின்னால் இரண்டு கார்கள். வானில் கூடாரமும் கொதிநீர்ப் பானையும் இறைச்சிக் கறிச் சட்டிகளும். சட்டிகளுக்கு இடம் போதாமல் அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் பின்கார் ஒன்றில் ஏற்றியிருந்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். வான் நூற்றைம்பது அடி வரை வந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. வலது பக்கமாகச் சாய்ந்து, நின்று, போனது.

என்னிடம் கயிறு இருந்தது. ஐஸைக் குத்திப் பிடித்து ஏறுகிற இரும்பு நகங்களும் இருந்தன. ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம். முதலில் தூண்டிலைச் சுற்றி எடுத்தேன், ஒரு டோரே மீன் மாட்டியிருந்தது, அதைக் கழற்றிப் பையில் போட்டேன். பிறகு நடந்தேன். ஐஸில் ஓடக் கூடாது, அதையும் எழுதியிருக்கிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது வசீகரனை யாரோ இழுத்துக் கரையில் போட்டிருந்தார்கள். அவன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். கத்துவது அவனுக்குக் கைவந்த கலை.

இந்த இடத்தில் சார்ஜன்ட் ஒரு விபரம் சொன்னார். அவர்களுக்கு விளங்காத விபரம். வெளியே எடுத்தபோது சிவமலரின் பக்கத்துக் கண்ணாடி முழுக்க இறக்கியிருந்ததாம், பெல்ட் கழற்றியிருந்ததாம். பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகைக் குளிரில் ஒரு பெண் ஏன் கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு போனார் என்று கேட்டார். வான் அவருடைய பக்கமாகச் சாய்ந்திராவிட்டால் அது அவரைக் காப்பாற்றியிருக்கும். நேற்று நான் தெரியாது என்று சொன்னேன். இன்று சொல்கிறேன். அது நாலாவது பந்தி.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, வேலையில் தேநீர் நேரத்தில், ஒரு அழைப்பு வந்தது. நீங்கள் என் தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள், ஆறு நிமிடம். சங்க விஷயம் என்று நேற்றுச் சொன்னேன்.

"அண்ணை, நான் சிவமலர் கதைக்கிறன், வசீயின்ர மனுசி. குழப்புறனோ?"

"இல்லை, சொல்லுங்கோ."

"நான் கார்டெரியில சின்னப் பிள்ளையளைப் பார்க்கிற வேலை, அதுகள் நித்திரை கொள்ளேக்க உங்கட அறிக்கையை முழுக்க வாசிக்கிறனான். கிழமைக்குக் கிழமை பார்த்துக்கொண்டிருப்பன். நல்ல வடிவா எழுதுறியள் அண்ணை. இதை முதலே சொல்லியிருக்க வேணும்."

தேநீர்க் கோப்பையோடு சத்தமில்லாத ஒரு மூலைக்கு நகர்ந்தேன்.

"இண்டைக்குக் கடைசிப் பந்தியில மேற்குப் பக்கம் கீழ வெறும் காத்து எண்டு போட்டிருக்கிறியள். இவர் வானை அதாலதான் இறக்கப் போறாராம். நான் சொன்னா, அண்ணை எப்பவும் இப்பிடித்தான் வெருட்டுறவர் எண்டு சிரிக்கிறார். பிள்ளையளும் வருதுகள். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் மறிக்கிறன்."

இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர். நான் அந்தத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பொழுதுபடுவதற்குள் வசீகரன் "முக்கிய அறிவித்தல்" என்று இன்னோர் அட்டை போட்டிருப்பான், தன் படத்தோடு. எல்லோரையும் காப்பாற்றியவன் அவன்தான் என்று ஆகியிருக்கும். அடுத்த மார்கழியில் என்னை மறுபடி மேடைக்குக் கூப்பிட்டிருப்பார்கள்.

"அது போன கிழமை அளவு, தங்கச்சி. இண்டைக்கு விடியவும் போய்ப் பார்த்தனான், நல்லா இறுகிப் போச்சு. பயப்படாமப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அப்ப சரி அண்ணை. நீங்கள் சொன்னா எனக்குப் போதும்."

வெள்ளிக்கிழமை விடிய நான் எங்கும் போகவில்லை. ஆறு மணி முதல் டோர்வலில் பொதி ஏற்றிக்கொண்டிருந்தேன், வரவுப் பதிவில் இருக்கும். சிவமலரிடம் நான் பொய் சொன்னேன், அதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற முந்நூற்றுப் பதினொரு பேரிடமும் உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.