விதைக் கலவையைப் பார்த்து வாங்குவதும் பத்திரப்படுத்துவதும்

அண்ணி, விதை போட எந்தக் கலவை நல்லது, அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். "வாயால சொன்னா எனக்கு நிக்காது, ஒரு தாள்ல எழுதிக் குடு" என்றீர்கள். அதற்குள் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டீர்கள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருப்பது என் வழக்கமில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, நர்சரியில் யாரும் இல்லை. நாற்றுத் தட்டு மேசையில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. விதைக்கு மண் வேண்டாம். தோட்டத்து மண்ணை அள்ளித் தட்டில் போட்டு விதைத்துவிட்டு, முளைக்கவில்லையே என்று நம்மிடம் சண்டைக்கு வருகிறவர்களை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். மண் இறுகிப் போகும், அதில் பூஞ்சையும் புழுவும் இருக்கும். பிறந்த குழந்தைக்கு விருந்துச் சாப்பாடு ஊட்டுகிற மாதிரிதான் அது. விதைக்கு லேசான, சுத்தமான கலவை போதும். ஈரம் பிடித்து வைக்கச் சலித்த தேங்காய் நார்த்தூள், காற்றோட்டத்துக்கு வெள்ளைப் பொரி மாதிரி இருக்கும் பெர்லைட், நன்றாக மக்கிய உரம் கொஞ்சம். உரத்தில் தாராளம் காட்டாதீர்கள். கூடிப்போனால் நாற்று கழுத்தில் அழுகிச் சாய்ந்துவிடும்.

மூட்டையாக வாங்கும்போது தூக்கிப் பாருங்கள். கனத்தால் உள்ளே ஈரம் அதிகம். பை உப்பியிருந்தாலும், பச்சை படர்ந்திருந்தாலும், வாயைப் பிரித்ததும் கொசு மாதிரி பொடிப் பூச்சி பறந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு கைப்பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பையின் பின்பக்கம் பொடி எழுத்தில் நாலு வரி இருக்கும். காற்றோட்டமான இடத்தில் பிரிக்கவும், தூசியைச் சுவாசிக்க வேண்டாம், முகத்தை மூடிக்கொள்ளவும் என்று. நம் நர்சரியில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான்.

அண்ணனுக்குப் படிக்கிற வேலையே இல்லை. அவருக்கு எல்லாம் மூக்குதான். மூட்டையைக் கிழித்து, கழுத்து வரைக்கும் தலையை உள்ளே விட்டு, ஆழமாக ஒரு மூச்சு இழுப்பார். பிறகு நிமிர்ந்து, தாடியில் தூசி ஒட்டியிருக்க, "பஸ்ட் கிளாஸ்" என்பார், இல்லையென்றால் "தூக்கிப் போடு" என்பார். வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். வேலையாட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் மூக்கு முதலாளி என்பார்கள். யாராவது முகத்தில் துணி கட்டினால் அவருக்குப் பொறுக்காது. "மூக்க மூடிக்கிட்டு எவன்டா நாத்து வளத்தான்? தூசின்னா என்ன, மண்ணுதானே. மண்ணு யாரைக் கொன்னுச்சு?"

இதைப் பெரும்பாலும் என் வீட்டுக்காரரிடம்தான் சொல்வார். பதினோரு வருடம் கலவைக் கொட்டகையில் மண்வெட்டி பிடித்தவர் அவர். நான்கு பக்கமும் அடைத்த கொட்டகை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் வாளித் தண்ணீர் காப்பிக் கலருக்கு மாறும். ஒரு ஜன்னல் வைத்துத் தரச் சொல்லி நான் அண்ணனிடம் மூன்று தடவை கேட்டேன். அடுத்த சீசன் பார்க்கலாம் என்று மூன்று தடவையும் சொன்னார்.

இனி பத்திரப்படுத்துவது. இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கலவை செத்த பொருள் இல்லை. ஈரமும் சூடும் சேர்ந்து காற்று இல்லாமல் அடைபட்டால் அதற்குள் என்னென்னவோ பெருகும். அதனால் நிழலில் வையுங்கள். தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். தகரக் கூரைக்கு அடியில் வேண்டவே வேண்டாம். பிரித்த மூட்டையை உலர்ந்த கையால் மடித்துக் கட்டி, பிரித்த தேதியை எழுதி, முதலில் வந்ததை முதலில் தீர்த்துவிடுங்கள். இந்த நர்சரியில் பத்தொன்பது வருடமாக மூட்டை அடுக்குவது என் பொறுப்பு. ஒரு மூட்டை கெட்டதில்லை, நானாகக் கெடுத்ததைத் தவிர.

அதையும் எழுதத்தான் வேண்டும். இல்லையென்றால் குறிப்பு அரைகுறையாகிவிடும்.

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் விழுந்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால். நானூறு தட்டு அனுப்ப வேண்டிய வாரம். "நீ தட்டைப் பாரு, மாப்பிள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன்தான் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆறாம் நாள் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். அன்று என்னைவிட அதிகமாக அழுதவர் அவர்தான். "அவருக்குப் பொறந்ததுலேர்ந்தே நெஞ்சு வீக்கும்மா, நாம என்ன பண்ண முடியும்" என்றார். நான் நம்பினேன். கூடப் பிறந்தவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது.

நம்பாதே என்று சொன்னது நீங்கள்தான் அண்ணி. அப்படிச் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மத்தியானம், இதே மேசையில் தக்காளி நாற்று பிரித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "உங்கண்ணனுக்கு சமயத்துல மூளை நல்லா வேலை செய்யும். அன்னிக்கி உன் வீட்டுக்காரரச் சேத்தப்ப, டாக்டர் வந்து இவரு என்ன வேலை பாக்குறாரு, மண்ணு, உரம் இப்படி ஏதாவதான்னு நோண்டி நோண்டிக் கேட்டாராம். உங்கண்ணன், அதெல்லாம் இல்ல, ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்குறவருன்னுட்டாரு. உண்மையச் சொல்லியிருந்தா ஆபீசருங்க வந்து கொட்டகைக்குச் சீல் வச்சிருப்பாங்க. அந்த சீசனே போயிருக்கும்."

சிரித்தீர்கள். நானும் சிரித்த ஞாபகம். அன்று நான் பிரித்து நட்ட தட்டில் ஒரு நாற்றுகூடச் சாகவில்லை. கை தன் வேலையைச் செய்தது.

அடுத்த வாரம் வேறொரு டாக்டரிடம் போய், பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். மக்கிய உரத் தூசியில் ஒரு கிருமி உண்டாம். நெஞ்சுக்குள் போனால் நிமோனியா. பார்க்க மற்ற நிமோனியா மாதிரியேதான் இருக்குமாம், ஆனால் வழக்கமாகக் கொடுக்கிற மருந்து அதற்கு வேலை செய்யாதாம். நோயாளி உரத்தில் புழங்குகிறவர் என்று தெரிந்தால் முதல் நாளே வேறு மருந்து போடுவார்களாம், பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்களாம். "கேள்விக்குச் சரியான பதில் வந்தாப் போதும்மா" என்றார்.

அதன் பிறகு நான் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். மேலே பத்திரப்படுத்தும் முறை என்று என்னென்ன எழுதினேனோ, ஒரே ஒரு மூட்டைக்கு மட்டும் அவை எதையும் செய்யவில்லை. சீசன் தொடங்கியதும் அதை அண்ணன் கைக்கு எட்டுகிற இடத்தில், முதல் வரிசையில் வைத்தேன். அவர் வந்து கிழித்தார், தலையை விட்டார், மூச்சை இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சீசனில் இன்னொன்று. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. போட்ட விதை எல்லாமா முளைக்கிறது. மூன்றாவது மூட்டையில், அவருக்கு அறுபத்தொன்று முடிந்து சர்க்கரையும் ஏறியிருந்த சமயம், முகர்ந்த ஏழாம் நாள் குளிர் ஜுரம் வந்தது.

இந்த இடத்தில் நான் நியாயமாகப் பேச வேண்டும். மூட்டை அவரைக் கொல்லவில்லை. மூட்டை காய்ச்சலைத்தான் கொடுத்தது. என் வீட்டுக்காரருக்குக் கிடைக்காத அதே மருந்து அவருக்குக் கிடைக்க வழி இருந்தது. கண்ணாடி போட்ட அந்தச் சின்ன டாக்டரம்மா கெட்டிக்காரி. வந்ததும் அதைத்தான் கேட்டாள். நீங்கள் வராந்தாவில் அழுதுகொண்டிருந்தீர்கள். உங்களிடம் கேட்கத் திரும்பியவளை, "அவங்களத் தொந்தரவு பண்ணாதீங்க டாக்டரம்மா, எங்கண்ணனப் பத்தி என்னையக் கேளுங்க" என்று நான்தான் நிறுத்தினேன்.

"என்ன வேலை பாக்குறாரு? தோட்டம், உரம்னு ஏதாவது?"

"இல்லைங்க. ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்குறவரு."

அண்ணன் அப்போது நினைவோடுதான் இருந்தார். மூக்கிலும் வாயிலும் குழாய் மாஸ்க். நான் சொன்னதைக் கேட்டுக் கண்ணை விரித்தார். எந்த வார்த்தையை எங்கே சொன்னோம் என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது என்று அந்தக் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. அதற்காகத்தான் இரண்டு வருடம் காத்திருந்தேன் என்றால் பொய்யில்லை. டாக்டரம்மா மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். மூன்றாம் தடவை அவர் வலது கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து, எதையோ அள்ளி மூக்கருகில் கொண்டுபோகிற மாதிரி செய்து காட்டப் பார்த்தார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். என் இரண்டு கைக்குள்ளும் வைத்து மெத்தையில் அழுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் இழுத்தார். மூட்டை தூக்கித் தூக்கி எனக்குக் கையில் பலம் உண்டு. பக்கத்திலிருந்த நர்ஸ், "இப்படி ஒரு தங்கச்சி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். ஆறாம் நாள் முடிந்தது. கணக்காக ஆறு நாள் என்று நான் திட்டம் போடவில்லை, அதுவாக அமைந்தது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை அண்ணி. அதைத் தெளிவாக எழுதிவிட விரும்புகிறேன். அவர் போய் ஒரு மாதம் கழித்து, நர்சரியை நீங்களே நடத்தப்போவதாகச் சொன்னபோது சந்தோஷப்பட்டேன். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி நீங்கள் கிடங்குக்குப் போய், முதல் வரிசையில் அண்ணன் கடைசியாகக் கிழித்த, பாதியாக மடித்துக் கட்டியிருந்த மூட்டையை எடுத்தீர்கள். அதை நான் உங்களிடம் எடுத்துக் கொடுக்கவில்லை. நீங்களாக எடுத்தீர்கள். அவர் செய்த மாதிரியே தலையைக் கவிழ்த்து முகர்ந்துவிட்டு, "ஏண்டி, இந்த வாசனை சரியாத்தான் இருக்கா?" என்று கேட்டீர்கள். நான் மிளகாய்த் தட்டுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். "சரிதான் அண்ணி, இன்னொரு தரம் மோந்து பாருங்க" என்றேன்.

நேற்று மாலை அதே டாக்டரம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி வருகிறதே என்று அவளுக்கு உறுத்துகிறது. "இவங்க எதுலல்லாம் புழங்குனாங்க, ஒண்ணு விடாம வேணும். இன்னைக்கு நாளைக்குள்ள தெரிஞ்சா மருந்த மாத்திடலாம், அதுக்கு மேல என் கையில இல்ல" என்றாள். "வாயால சொன்னா விட்டுப்போகும் டாக்டரம்மா, ஞாபகப்படுத்தி எழுதி எடுத்துட்டு வர்றேன்" என்றேன். உங்களுக்காக எழுத வேண்டியதும் அவளுக்காக எழுத வேண்டியதும் ஒரே தாளில் முடிந்துவிட்டது. நீங்கள் மாஸ்க்கோடு படுத்திருப்பதால் படிக்க முடியாது, அவளே படித்துவிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்வாள்.

பார்வை நேரம் ஆறு மணி வரைக்கும். இப்போது ஐந்தே கால். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். ஆனால் கத்தரி நாற்று இரண்டாவது இலை விட்டு நிற்கிறது, இன்று பிரித்து நடாவிட்டால் வேர் பின்னிக்கொள்ளும். அண்ணனைப் போல டாக்டரிடம் எதையும் மறைக்கிறவள் இல்லை நான். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் கொண்டுவருகிறேன்.